அறுவடை இயந்திரமும் அரிதாளின் உயரமும்

அரிவாள் கொண்டு நெல் அறுத்த காலத்தில், எந்த உயரத்தில் அறுப்பது என்ற கேள்வி எழுந்ததேயில்லை. குனிந்து நிற்பவரின் இடக்கை தூரைப் பற்றும். வலக்கை அரிவாள் தரைக்கு நான்கு விரற்கடை மேலே தாளை அரியும். வயலில் எஞ்சி நின்ற அரிதாள் மாட்டின் குளம்பு மறையும் அளவே இருந்தது. களத்திற்குச் சென்ற கட்டுகளிலிருந்து நெல் பத்தாயத்திற்கும், வைக்கோல் போருக்கும் சென்றன. வைக்கோலில் பாதியை வயலிலேயே விட்டு வந்தோம் என்று எந்தக் குடியானவரும் சொல்ல நேர்ந்ததில்லை.

இன்று காவிரிப் பாசனப் பகுதியில் நிலைமை வேறு. தை பிறந்தவுடன் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களின் சாலைகளில் லாரிகளின்மேல் ஏற்றப்பட்ட அறுப்பு வண்டிகள் வரிசையாக வருவதைக் காண்கிறோம். சேலம், பெரம்பலூர் முதலிய வெளி மாவட்டங்களிலிருந்தும் அவை வருகின்றன. சேற்று நிலத்திற்குச் சங்கிலி வண்டி, காய்ந்த நிலத்திற்கு டயர் வண்டி என்ற வேறுபாட்டை இப்போது பள்ளிச் சிறுவனும் அறிவான். ஆனால் அந்த வண்டியின் முன்னே இருக்கும் கத்தி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் ஓடவேண்டும் என்பதை நம்மில் எத்தனை பேர் ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறோம்? அதைத் தீர்மானிப்பது ஓட்டுநரின் கையருகே உள்ள ஒரு நெம்புகோல். அவரோ அவ்வூர் மண்ணையும் பயிரையும் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

சம்பா அறுவடையின்போது திருவாரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் நாம் கண்டதை முதலில் சொல்லிவிடுகிறோம். ஒரே வரப்பின் இருபுறமும் ஒரே ரக நெல். ஒரே வண்டிதான் இரண்டையும் அறுத்தது. ஒருபுறம் அரிதாள் முழங்காலைத் தொட்டு நின்றது; மறுபுறம் ஒரு சாணுக்கும் குறைவு. இரண்டாம் வயலின் உரிமையாளர், "தம்பி, ரெண்டு பசு கட்டியிருக்கேன், வைக்கோல் வேணும், கொஞ்சம் இறக்கிப் பிடிங்க" என்று கேட்டிருக்கிறார். "இறக்கினா நேரம் ஆகும் ஐயா, அப்புறம் மணிக்கணக்கு கூடுதுன்னு எங்களைச் சொல்லக் கூடாது" என்று ஓட்டுநர் பதில் சொல்லியிருக்கிறார். இருவர் சொன்னதும் நியாயமே. இந்த இரு நியாயங்களுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

ஒரு முழமும் ஒரு சாணும்

நூறு சென்டிமீட்டர் உயரம் வளர்ந்த நெற்பயிர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நுனியில் ஏறக்குறைய இருபது சென்டிமீட்டர் கதிர். எஞ்சிய எண்பதும் தாள், அதுவே வைக்கோல். ஒரு முழ உயரத்தில், அதாவது 45 சென்டிமீட்டரில் வெட்டினால் தாளில் பாதிக்கு மேல் நிலத்திலேயே நின்றுவிடுகிறது. 15 சென்டிமீட்டரில் வெட்டினால் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நிற்கிறது. இரண்டிற்கும் இடையே உள்ள வித்தியாசம் 30 சென்டிமீட்டர் தாள்.

ஏக்கருக்கு இரண்டு டன் நெல் காணும் வயலில் ஏறக்குறைய அதே எடைக்கு வைக்கோலும் உண்டு என்று வைத்துக் கணக்கிடுவோம். எண்பதில் முப்பது பங்கு என்றால் 750 கிலோ. தாளின் அடிப்பாகம் நுனியைவிடத் தடிப்பானது. ஆகையால் உண்மையில் இழப்பது இதற்கும் சற்று மேலேயே இருக்கும். நாளொன்றுக்கு ஐந்து கிலோ வைக்கோல் தின்னும் பசுவுக்கு 750 கிலோ என்பது 150 நாள் தீவனம். நெம்புகோலை ஒரு முழத்தில் விட்ட ஓட்டுநர், ஒரு பசுவின் ஐந்து மாதத் தீவனத்தை ஒவ்வொரு ஏக்கரிலும் நிறுத்திவிட்டுப் போகிறார். சித்திரை, வைகாசியில் அதே வைக்கோலை விலை கொடுத்து வாங்கும்போதுதான் இது நமக்கு உறைக்கிறது.

வைக்கோல் கட்டும் இயந்திரம் வந்து அள்ளிக்கொள்ளும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அந்த இயந்திரம் அறுப்பு வண்டி பின்னால் கொட்டிச் சென்ற வரிசையை மட்டுமே வாரிச் சுருட்டும். வேரூன்றி நிற்கும் தாளை அது தொடுவதில்லை.

ஓட்டுநர் ஏன் உயர்த்துகிறார்?

ஓட்டுநரைக் குறை சொல்வதற்கு முன் வண்டியின் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். கத்தி வெட்டுகிற ஒவ்வொரு தாளும், அதில் கதிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கதிரடிக்கும் உருளையின் ஊடே சென்று, சலிக்கும் சட்டங்களின்மேல் நடந்து, பின்புறமாக வெளியேற வேண்டும். கதிரோடு ஒரு முழத் தாள் மட்டும் உள்ளே போனால் அடிப்பதும் பிரிப்பதும் சுலபம். அடித்தாளையும் சேர்த்து அனுப்பினால் உருளைக்குச் சுமை கூடுகிறது, டீசல் கூடுகிறது. சலிப்புச் சட்டங்களின்மேல் வைக்கோல் கனமாகப் படிவதால், நெல் அதனூடே கீழே இறங்க நேரம் போதாமல் வைக்கோலோடு சேர்ந்தே பின்னால் விழுந்துவிடுகிறது. அடித்தாளில் ஈரமும் பச்சைப் புல்லும் இருந்தால் சல்லடைக் கண்கள் அடைபடுகின்றன. நெல்லிலும் ஈரம் ஏறுகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் நூற்றுக்குப் பதினேழுக்கு மேற்படக் கூடாது என்ற பொது விதியை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

எனவே தாழ வெட்டினால் மெதுவாக ஓட்டியே தீரவேண்டும். மெதுவாக ஓட்டினால் மணிக்கணக்கு கூடும். கூடுகிற அந்தக் கால்மணியோ அரைமணியோ வாடகைக்கும், 750 கிலோ வைக்கோலின் உள்ளூர் விலைக்கும் இடையேதான் விவசாயி கணக்குப் போடவேண்டும். மாடு உள்ளவர்களுக்கும், வைக்கோலுக்கு வாங்குவார் உள்ள ஊர்களுக்கும் தாழ வெட்டுவது பெரும்பாலும் லாபமாகவே முடியும். மாடில்லாதவர், வைக்கோலை விற்க வழியில்லாதவர், அடுத்த பயிருக்குத் தாளை மடக்கி உழ எண்ணியவர் ஆகியோர் உயர வெட்டச் சொல்வதில் தவறொன்றுமில்லை. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்த சாம்பல் சத்தில் பெரும்பகுதி நெல்லில் இல்லை, தாளில்தான் இருக்கிறது. அது மண்ணுக்கே திரும்புவது நன்று. ஆனால் உயர வெட்டிவிட்டுப் பிறகு தீ வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது. அதனால் வைக்கோலும் போகிறது, மண்ணுக்குச் சேரவேண்டிய தழையும் போகிறது.

முகப்பின் உறுப்புகள்

வண்டியின் முன்னே அகன்று நிற்கும் பகுதியை ஓட்டுநர்கள் ஹெட்டர் என்பார்கள். நாம் முகப்பு என்போம். சங்கிலி வண்டியில் இதன் அகலம் ஏறக்குறைய இரண்டு மீட்டர். டயர் வண்டியில் பன்னிரண்டு முதல் பதினான்கு அடி வரை. முகப்பின் அடி விளிம்பில் முக்கோணப் பற்கள் கொண்ட கத்திச் சட்டம் இடவலமாக விரைந்து ஓடுகிறது. ஒவ்வொரு பல்லும் மூன்று அங்குல அகலம். கத்திக்கு மேலே, சற்று முன்தள்ளி, ராட்டினம்போல் சுழல்வது ரீல். இதன் குறுக்குச் சட்டங்களில் கம்பி விரல்கள் தொங்குகின்றன. இவை பயிரைக் கத்தியின்மேல் சாய்த்துக் கொடுத்து, வெட்டுண்ட தாளைத் தளத்தின்மேல் படுக்க வைக்கின்றன. அங்கே கிடக்கும் திருகு உருளை அதை நடுவே சேர்த்து உள்ளே அனுப்புகிறது.

முழு முகப்பையும் ஏற்றி இறக்குவது எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் உருளை. இதில் கசிவு இருந்தால், ஓட்டுநர் ஓர் உயரத்தில் வைத்தாலும் முகப்பு மெல்ல மெல்லத் தானே இறங்கிக்கொண்டிருக்கும். வண்டி வயலில் இறங்குமுன் முகப்பை ஒரு முழம் தூக்கச் சொல்லி, ஐந்து நிமிஷம் அப்படியே விட்டு, கத்தி முனையின் உயரத்தைக் கோலால் இருமுறை அளந்து பார்த்தால் இக்குறை வெளிப்பட்டுவிடும். அளக்கும்போது முகப்பின் கீழ்க் கையையோ காலையோ நுழைத்தல் ஆகாது. கீழே புகுந்து பார்க்கவோ, சிக்கிய தாளை எடுக்கவோ வேண்டியிருந்தால் இயந்திரத்தை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு, முகப்பு விழாமல் தாங்கும் பூட்டைப் போட்ட பிறகே செய்தல் வேண்டும். ஓடும் கத்தியில் சிக்கிய தாளைக் கையால் இழுப்பது விரல்களைப் பறிகொடுக்கும் வழி. அவசரப்படுத்தும் உரிமையாளரும் அதற்குப் பொறுப்பாளியே.

உயரத்தை மாற்றினால் ரீலையும் மாற்றவேண்டும்

நம் விவசாயிகள் பலர் கவனியாத செய்தி இது. ஓட்டுநர்களிலும் அனுபவம் குறைந்தவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். ரீல் முகப்பின்மேலேயே பொருத்தப்பட்டது. முகப்பு ஒரு முழத்திலிருந்து ஒரு சாணுக்குக் கீழே இறங்கினால் ரீலும் அதே அளவு இறங்குகிறது. நின்ற பயிரில் கதிருக்குச் சற்றுக் கீழே தட்டிக்கொண்டிருந்த ரீல் இப்போது தாளின் நடுவில் அடிக்கிறது. கதிரின் கனம் மேலே இருப்பதால், நடுவில் அடிபட்ட தாள் வெட்டுண்டதும் தளத்தின்மேல் விழாமல் முன்பக்கமாகத் தலைகுப்புற விழுகிறது. சில ரீலிலேயே சுற்றிக்கொள்கின்றன. "தாழ வெட்டினால் கதிர் கொட்டுகிறது" என்ற பேச்சு பல ஊர்களில் நிலவுகிறது. நாம் பார்த்தவரை, கொட்டியதற்குக் காரணம் தாழ வெட்டியதன்று. ரீலை மேலே தூக்காமல் விட்டதே.

மறுபக்கமும் உண்டு. முகப்பை உயர்த்தும்போது ரீலும் உயர்ந்து, கதிரின் உச்சியிலேயே அடிக்கத் தொடங்கும். முற்றிய நெல் அந்த அடியிலேயே உதிர்ந்து, கத்திக்கு முன்னால் தரையில் சிதறும்.

ஆகவே வரிசை இதுவே: முதலில் வெட்டும் உயரம், அதன்பின் ரீலின் உயரம், கதிரின் அடிக்குச் சற்றுக் கீழே படும்படி, அதன்பின் ரீல் கத்திக்கு எவ்வளவு முன்னே நிற்பது என்பது, கடைசியில் ரீலின் வேகம். நிமிர்ந்த பயிரில் ரீலின் அச்சு கத்திக்குச் சிறிது முன்னே இருந்தால் போதும். ரீலின் சட்டங்கள் வண்டியின் வேகத்தைவிடச் சற்றே விரைவாக, ஏறக்குறைய ஒன்றேகால் மடங்காகச் செல்லவேண்டும்.

இதை அளப்பது கடினமன்று. வயலில் பத்து மீட்டருக்கு இரு குச்சிகளை நட்டு வைப்போம். அந்தத் தூரத்தை வண்டி பன்னிரண்டு வினாடியில் கடந்தால் அதன் வேகம் நிமிஷத்திற்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு மூன்று கிலோமீட்டர். அப்போது ரீலின் விளிம்பு நிமிஷத்திற்கு 62 மீட்டர் ஓடவேண்டும். ஒரு மீட்டர் குறுக்களவுள்ள ரீலாயின் அதற்கு நிமிஷத்திற்கு இருபது சுற்று. ரீலின் ஒரு சட்டத்தில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிட்டால் வரப்பில் நின்றபடியே எண்ணிவிடலாம். நாற்பது, ஐம்பது சுற்று ஓடுகிற ரீல் நெல்லை அறுவடை செய்யவில்லை, வயலிலேயே கதிரடிக்கிறது.

இறைந்த நெல்லை எண்ணும் முறை

எந்த உயரம் சரி என்பதற்கு நம் கண் மதிப்பு போதாது. எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு மீட்டர் நீளமுள்ள நான்கு குச்சிகளைச் சேர்த்துச் சதுரம் ஒன்று செய்துகொண்டால் வேலை முடிந்தது.

வண்டி ஒரே சீராக ஓடும் தடத்தின் நடுவே அதை நிறுத்தச் சொல்லி, ஒரு வண்டி நீளம் பின்னே நகர்த்தச் சொல்லவேண்டும். இப்போது நமக்கு மூன்று இடங்கள் கிடைக்கின்றன. வெட்டாத பயிருக்குள் சதுரத்தை வைத்து எண்ணினால் தானாக உதிர்ந்த நெல் தெரியும். முகப்பு வெட்டிய, ஆனால் பின்புற வைக்கோல் இன்னும் விழாத தரையில் எண்ணினால், அதில் தானாக உதிர்ந்ததும் முகப்பு உதிர்த்ததும் சேர்ந்திருக்கும். வண்டிக்குப் பின்னே வைக்கோல் வரிசையைத் தட்டி உதறிவிட்டு எண்ணினால் எல்லாம் சேர்ந்த தொகை கிடைக்கும். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று இடங்களில் எண்ணிச் சராசரி காண்பது நல்லது. தரையில் கிடக்கும் கதிர்களின் நெல்லையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

எடைக்கு வருவோம். ஆயிரம் நெல்லின் எடை சன்ன ரகத்தில் ஏறக்குறைய 15 கிராம். மோட்டா ரகத்தில் 23 கிராம் வரை. இருபது கிராம் என்று பொதுவாகக் கொண்டால், சதுர மீட்டருக்கு நூறு நெல் இறைந்து கிடப்பது ஏக்கருக்கு எட்டுக் கிலோ. சன்ன ரகத்திற்கு அது ஆறு கிலோ. நல்ல கதிர் ஒன்றில் நூறு நெல்லுக்குக் குறைவதில்லை. அப்படியானால் சதுர மீட்டருக்கு ஒரே ஒரு கதிர் கத்திக்குத் தப்பினாலும் ஏக்கருக்கு எட்டுக் கிலோ நெல் போயிற்று. இதை நினைவில் வைத்துக்கொண்டு வயலைப் பார்த்தால் பார்வையே மாறிவிடும்.

கணக்குக்காக ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். வெட்டாத பயிருக்குள் 20 நெல். முகப்பு வெட்டிய இடத்தில் 120. முகப்பினால் ஏற்பட்ட நஷ்டம் 100; ஏக்கருக்கு எட்டுக் கிலோ. பின்னே வைக்கோல் வரிசையில் 420. இதில் 120 கழித்தால் 300. ஆனால் இரண்டு மீட்டர் அகலத்தில் வெட்டியதை வண்டி ஒரு மீட்டர் அகலத்தில் கொட்டியிருக்கிறது. ஆகையால் பாதியாக்கி 150 என்று கொள்ளவேண்டும். அது பன்னிரண்டு கிலோ. மொத்தம் இருபது கிலோ. இரண்டு டன் விளைச்சலில் இது நூற்றுக்கு ஒன்று. இவ்வளவில் முடிந்தால் ஓட்டுநருக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்து நன்றி சொல்லலாம்.

எங்கே கூடுகிறது என்பதே பாடம். முகப்பு நஷ்டம் கூடினால் வெட்டும் உயரம், ரீல், கத்தியின் கூர்மை ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். பின்புற நஷ்டம் கூடினால் வண்டி விரைவாக ஓடுகிறது, அல்லது தாங்கமுடியாத அளவு தாளை உள்ளே அனுப்புகிறது என்று பொருள். அப்போது வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாம். அதிலும் சரியாகாவிட்டால் கத்தியை ஐந்து சென்டிமீட்டர் உயர்த்தலாம். வைக்கோலுக்கு ஆசைப்பட்டு நெல்லை இழப்பதில் அர்த்தமில்லை. நிமிர்ந்த, காய்ந்த பயிரில் அரைச் சாண் முதல் ஒரு சாண் வரை, அதாவது 10 முதல் 20 சென்டிமீட்டருக்குள் எங்கோ ஓரிடத்தில் இரண்டு நஷ்டங்களும் சமாதானமாகின்றன. அந்த இடத்தைக் காண முதல் இரண்டு தடங்களைச் செலவிடுவது வீணாகாது.

அரைச் சாணுக்கும் கீழே இறக்குவது கூடாது. கத்தி மண்ணை அள்ளும். வரப்பு ஓரத்துக் கல்லில் பல் உடையும். சேற்றுக்கட்டி நெல்லோடு சேரும். மழுங்கிய கத்தியாயின் ஈர மண்ணில் தாளை வெட்டாமல் வேரோடு பிடுங்கி உள்ளே அனுப்பும்.

ஈர வயலும் சாய்ந்த பயிரும்

மேலே சொன்னவை எல்லாம் தரை இறுகிய வயலுக்கு. குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசி மழையில் அகப்பட்டுக்கொள்ளும்போது கணக்கு மாறுகிறது. சங்கிலி மண்ணில் பத்து சென்டிமீட்டர் அழுந்தினால் கத்தியும் அதே அளவு தாழ்கிறது. ஒருபுறச் சங்கிலி மட்டும் அழுந்தினால் முகப்பு சாய்ந்து, ஒரு முனை தரையைக் கீற, மறுமுனை ஒரு முழத்தில் ஓடும். கத்தி சங்கிலிக்கு முன்னே நீட்டிக்கொண்டிருப்பதால், வண்டியின் சிறு ஆட்டமும் கத்தி முனையில் பெரிதாகும். சேற்று வயலில் ஓட்டுநர் ஒரு சாணுக்கு மேலே பிடிப்பதை நாம் குறை கூற முடியாது. குறை கூறவேண்டுமானால் வடிகால் வாய்க்காலைத் தூர்வாராத நம்மைத்தான் கூறிக்கொள்ளவேண்டும். அறுவடைக்குப் பத்து நாட்களுக்கு முன்பே நீரை வடித்த வயலில்தான் உயரத்தைப் பற்றிப் பேசவே இடமுண்டு.

சாய்ந்த பயிரில் வேறு வழியில்லை. கத்தி தாழ்ந்தே தீரவேண்டும். மாப்பிள்ளைச் சம்பா போன்ற உயர்ந்து வளரும் ரகங்களைப் பயிரிட்டவர்கள் இதை நன்கறிவார்கள். கதிர் தரையிலிருந்து ஒரு சாணில் கிடக்க, கத்தி ஒரு முழத்தில் போனால் வெறும் காற்றைத்தான் அறுக்கும். இங்கே ரீலைக் கீழே இறக்கி, கத்திக்கு நன்கு முன்னே தள்ளி, அதன் விரல்களைப் பின்புறம் சற்றுச் சாய்த்து, கிடக்கும் தாளைத் தூக்கிக் கொடுக்கும்படி அமைக்கவேண்டும். வண்டியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் தகும். பயிர் சாய்ந்த திசைக்கு எதிராகவோ குறுக்காகவோ ஓட்டுவது வழக்கம். ஆனால் காற்று ஒரே திசையில் வீசியிருந்தாலன்றி இது எளிதன்று. ஒவ்வொரு திசையிலும் ஒரு தடம் ஓட்டி, எதில் கதிர் அதிகம் தப்புகிறது என்று பார்த்துத் தீர்மானிப்பதே மேல். வயலின் ஒரு மூலை மட்டும் சாய்ந்திருந்தால் நிமிர்ந்த பகுதியை முதலில் முடித்துவிட்டு, அமைப்புகளை மாற்றிக்கொண்டு அந்த மூலைக்குப் போகலாம். சிறு துண்டாயின் ஆட்களை விட்டு அறுத்துவிடுவது இன்னும் மலிவு.

உளுந்தும் புழுவும்

சம்பா, தாளடிக்குப் பின் நெல் தரிசில் உளுந்தும் பயறும் காணும் வயல்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னரே விதையைத் தெளித்துவிடுவது டெல்டாவின் நெடுநாள் வழக்கம். ஆள் அறுத்த காலத்தில் இரண்டிலை விட்ட முளைக்குக் கால்பட்ட சேதம் மட்டுமே. இன்று சங்கிலி நடந்த தடத்தில் முளை நசுங்குகிறது; வைக்கோல் கொட்டிய வரிசையின் கீழே வெளுத்துப் போகிறது. தாழ வெட்டினால் அந்த வரிசை இன்னும் கனமாகும். உயர வெட்டினால் நெடிய தாள் இளஞ்செடிக்கு நிழல் கட்டும். இரண்டிலும் கெடுதல் உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். நமது அபிப்பிராயம், ஒரு சாண் அளவில் வெட்டச் செய்து, அன்றோ மறுநாளோ வைக்கோலை ஆட்களைக் கொண்டு அள்ளிவிடுவது. வைக்கோல் கட்டும் இயந்திரத்தை உளுந்து முளைத்த வயலில் மீண்டும் இறக்குவது செடிக்கு இரண்டாவது தண்டனை. நெல் வண்டியும், நெல்லை ஏற்றவரும் டிராக்டரும் வந்த தடத்திலேயே திரும்பினால் சேதம் ஒரு பகுதியோடு நிற்கும்.

தண்டுத் துளைப்பானைப் பற்றியும் ஒரு சொல். மஞ்சள் தண்டுத் துளைப்பானின் புழு, பயிர் முற்றும்போது தாளின் அடிப்பகுதிக்கு இறங்கி, அங்கேயே கூட்டுப்புழுவாகிறது. தரையை ஒட்டி அறுத்து, அறுத்தபின் அரிதாளை உழுது மடக்கவேண்டும் என்று வேளாண்மைத் துறையினர் நெடுங்காலமாகச் சொல்லிவருவது இதனால்தான். முழங்கால் உயர அரிதாள் ஊர் முழுவதும் நின்றால் அடுத்த பட்டத்துப் பூச்சிக்கு நாமே வீடு கட்டி வைத்தவர்களாவோம். இயந்திரத்தால் தரையை ஒட்டி வெட்ட இயலாதாகையால், தாழ வெட்டிய வயலுக்கும் உழவு அவசியமே. உளுந்து விதைத்தவர்கள் அதன் அறுவடை முடிந்தவுடன் உழலாம்.

ஊராட்சி செய்யக்கூடியவை

அறுவடைக் காலம் தொடங்குமுன் மாவட்ட ஆட்சியர் தலைமையில் விவசாயிகளும் இயந்திர உரிமையாளர்களும் அதிகாரிகளும் கூடி, சங்கிலி வண்டிக்கும் டயர் வண்டிக்கும் மணி வாடகை பேசி முடிக்கும் வழக்கம் டெல்டா மாவட்டங்களில் உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறையும் வாடகைக்கு இயந்திரங்களை அளிக்கிறது. இக்கூட்டங்களில் பேச்செல்லாம் வாடகையோடு முடிந்துவிடுகிறது. உயரத்தைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. ஊராட்சி அங்கத்தினர்கள் இதைத் தம் ஊர் அளவிலேனும் பேசலாம். ஜனவரி 26ஆம் நாள் கிராம சபை கூடுவது சம்பா அறுவடையின் நடுவே அமைவது வசதியே. எந்தத் தெருவில் எத்தனை மாடுகள், எவருக்கு வைக்கோல் வேண்டும், எவர் தாளை மடக்கி உழ விரும்புகிறார், எந்த மடையில் உளுந்து தெளித்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டால், வண்டி எந்த வரிசையில் எந்த வயலுக்குப் போவது என்பதும் அதிலேயே விளங்கிவிடும். ஒரே உயரத்தை விரும்பும் வயல்கள் அடுத்தடுத்து வந்தால் ஓட்டுநர் ரீலை அடிக்கடி மாற்றவேண்டியதில்லை. அவருக்கும் நேரம் மிச்சம்.

வாடகை பேசும்போதே உயரத்தையும் சேர்த்துப் பேசிவிட வேண்டும். வண்டி வயலில் இறங்கி நாலு சுற்று ஓடியபின் வரப்பில் நின்று கத்துவதால் மனக்கசப்புத்தான் மிஞ்சும். ஏக்கர் கணக்கில் வாடகை பேசும் ஊர்களில் இது இன்னும் அவசியம். ஏனெனில் அங்கே விரைவாக ஓட்டுவதன் லாபம் முழுவதும் வண்டிக்காரருக்கே. உயர்த்திப் பிடிக்க அவருக்கு ஒரு காரணம் கூடுதலாக இருக்கிறது. மணிக்கணக்கில் பேசியவர் தாழ வெட்டச் சொன்னால், கூடும் நேரத்தையும் ஒப்புக்கொண்டே சொல்லவேண்டும்.

இதற்குத் தேவையான கருவி ஒரு மூங்கில் கோல். அடியிலிருந்து 10, 15, 20 சென்டிமீட்டரில் மூன்று கோடுகளைச் சுண்ணாம்பிலோ வர்ணத்திலோ தீட்டி, நாலைந்து கோல்களை ஊராட்சி அலுவலகத்தில் வைத்திருந்தால் எவரும் எடுத்துப்போகலாம். முதல் தடம் ஓடி முடிந்ததும், ஓட்டுநரை இறங்கி வரச் சொல்லி, அரிதாளின் பக்கத்தில் கோலை அவர் கையாலேயே நட்டுப் பார்க்கச் செய்வது நல்லது. முகப்பின் இரண்டு முனைகளிலும் நடுவிலுமாக மூன்று இடங்களில் பார்க்கவேண்டும்.